அந்த வீட்டின் ஓட்டு

லாங்ஃபர்ட் துரை வீட்டு வராந்தாவில் சிப்பியோவுக்கு உட்கார நாற்காலி போட்டார்கள். அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாற்பது வயதுவரை அந்த வராந்தாவின் படிக்கட்டைத் தாண்டாத மனுஷனுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் திடீரென்று நாற்காலி வருகிறதென்றால், அதற்குப் பின்னால் வேறு ஏதோ வருகிறது என்றுதான் அர்த்தம். ஆனால் சிப்பியோ நல்லவன். நல்லவர்களுக்குச் சந்தேகம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

“உட்காருடா,” என்றார் துரை.

சிப்பியோ நாற்காலியின் விளிம்பில், எந்த நிமிஷமும் எழுந்திருக்கத் தயாராக, ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தான். தொப்பி மடியில் இருந்தது.

அவன் மடைக்காரன். அமெரிக்காவில், தெற்குக் கரோலினாவில் எங்கள் பக்கத்து நெல்வயல்கள் எல்லாம் ஆற்றோரம் கரை கட்டி எடுத்தவை. கடலில் ஓதம் ஏறும்போது ஆற்றின் நல்ல தண்ணீர் மேலே தள்ளப்பட்டு வரும். அந்த நேரம் பார்த்து மடையைத் திறக்க வேண்டும். அரை மணி முந்தினால் வயலில் இருக்கிற தண்ணீரும் ஆற்றுக்கு ஓடிவிடும். அரை மணி பிந்தினால் உப்பு ஏறி நெல் கருகிவிடும். இதைத் துரையின் அப்பா காலத்தில் சிப்பியோ அடிமையாக இருந்து செய்தான். விடுதலை வந்து பதினோரு வருஷமாகிறது. இப்போது கூலி வாங்கிக்கொண்டு செய்கிறான். கூலியோடு, துரை நிலத்தின் மேட்டில் ஒரு வீடும் பயிர் செய்துகொள்ள நாலு ஏக்கரும் அவனுக்கு விட்டிருந்தார்கள்.

“செவ்வாய்க்கிழமை தேர்தல். தெரியுமில்ல?”

“தெரியுங்க துரை.”

“எங்கப்பா உன்னை அடிச்சிருக்கார். நான் அடிச்சிருக்கேனா?”

சிப்பியோ யோசித்தான். இரண்டு தடவை நினைவுக்கு வந்தது. “இல்லீங்க துரை,” என்றான்.

“அதான். உன்னைப் போல விவரமானவன் இந்த மாகாணத்திலேயே இல்லைன்னு நேத்துகூடச் சொல்லிட்டிருந்தேன்.” துரை சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அவன் கையில் வைத்தார். சுற்றிலும் சிவப்புக் கோடு போட்ட சீட்டு. பழைய எஜமானர்கள் கட்சியின் ஓட்டுச்சீட்டு. “நீ இதைப் போட்டா உன் பின்னாடி இருபது பேர் போடுவாங்க. போட்டா வீடு, நாலு ஏக்கர், மடை எல்லாம் சாகிற வரைக்கும் உனக்கு. போடலேன்னா புதன்கிழமை காலையில உன் சட்டிபானை எல்லாம் வெளியில கிடக்கும். பத்து மணிக்கு நானே வந்து என் வண்டியில உன்னைக் கூட்டிட்டுப் போறேன். என் கண்ணெதிர்ல போடணும், ஆமா.”

அந்தக் காலத்தில் ஓட்டில் ரகசியம் என்பதே கிடையாது. ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தானே அச்சடித்துக் கொடுக்கும். எஜமானர் கட்சிக்குச் சிவப்புக் கோடு, எங்களுக்கு விடுதலை கொடுத்த லிங்கன் கட்சிக்குக் கழுகுப் படம். யார் எதைப் போடுகிறான் என்பது இருபது அடி தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

“சரிங்க துரை,” என்றான் சிப்பியோ. சீட்டை மடித்துத் தொப்பியின் உள்பட்டிக்குள் செருகிக்கொண்டான். படியிறங்கும்போது அவன் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், யாரிடமும் வாய் திறக்காமல் வீடு போய்ச் சேர்ந்ததுதான். ஆனால் துரை வீட்டுச் சமையல்காரிக்குக் கண் இருந்தது, வாயும் இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் கூட்டம். அது பலகை வீடுதான், ஜன்னலுக்குக் கண்ணாடி கூடக் கிடையாது. ஆனால் அது நிற்கிற ஏழு ஏக்கரும் எங்கள் கறுப்பு ஜனங்களின் பெயரில் இருந்தது. அந்த வட்டாரத்தில் வேறு எதுவும் அவர்கள் பெயரில் இல்லை.

சட்டம் ஆம்பிளைக்கு மட்டும்தான் ஓட்டு என்றது. அந்தச் சட்டத்தை எழுதினவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெண்களைத் தெரியாது. விடுதலைக்குப் பிறகு வந்த முதல் தேர்தலிலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டு வீட்டுக்குச் சொந்தம். புருஷன், பெண்டாட்டி, விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் ஜெபவீட்டில் உட்கார்ந்து பேசுவார்கள், சண்டை போடுவார்கள், கடைசியில் எழுந்து நின்று முடிவு சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை அந்த முடிவைப் பெட்டிவரைக்கும் சுமந்துகொண்டு போவதுதான் புருஷனின் வேலை.

அன்று பேச்சை நடத்தினவள் ஹேகர். மருத்துவச்சி. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து முதுகில் தட்டினவள் அவள்தான். அதனால் யாரும் அவளை எதிர்த்துப் பேசத் துணிவதில்லை.

“லிங்கன் கட்சிக்குத்தான்னு சொல்றவங்க எந்திரிங்க.”

பெஞ்சுகள் கிறீச்சிட, எல்லாரும் எழுந்தார்கள். சிப்பியோ மட்டும் ஒரு நொடி கழித்து எழுந்தான். பக்கத்தில் அவன் மனைவி பைனா நின்றுகொண்டிருந்தாள். அவள் தலையைத் திருப்பவில்லை, கண் மட்டும் ஒரு தடவை பக்கவாட்டில் வந்து போயிற்று.

“சரி. இப்ப இன்னொண்ணு,” என்றாள் ஹேகர். “நம்மளை மாடு மாதிரி வித்த கட்சிக்கு எவனாவது ஓட்டுப் போட்டா, அவன் பொண்டாட்டி அவனுக்குச் சமைக்கக்கூடாது. அவன் சட்டையைத் துவைக்கக்கூடாது. அவன்கூட ஒரே கட்டில்ல படுக்கக்கூடாது.”

ஹேகரின் புருஷன் கட்ஜோ பின்வரிசையிலிருந்து கை தூக்கினான். “ஏ புள்ள, இது ஒரு வாரத்துக்கா, ஒரு மாசத்துக்கா?”

“நீ சாகிற வரைக்கும்.”

“அப்ப சரி. லிங்கன் கட்சிக்கு என்னை ரெண்டு தடவை எண்ணிக்கோ.”

கூரை இடிகிற மாதிரிச் சிரித்தார்கள். சிப்பியோவும் சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். இந்த விதிக்கு முதலில் கை தூக்கினவள் பைனா.

*

மத்தியானம் பைனா அவனுடைய தொப்பியைத் துடைக்க எடுத்தாள். செவ்வாய்க்கிழமை ஊர் முழுக்கப் பார்க்கப்போகிற தொப்பி, தூசியோடு போகலாமா? உள்பட்டியைத் தடவினதும் விரலில் காகிதம் தட்டுப்பட்டது.

“இது என்னய்யா?”

“பேப்பரு.”

“பேப்பருன்னு எனக்கும் தெரியுது. யாரு பேப்பரு?”

“துரை குடுத்தாரு.”

“குடுத்தா வாங்கிக்குவியா? பாம்பைக் குடுத்திருந்தா அதையும் தொப்பிக்குள்ள வச்சிட்டு வந்திருப்பியா?”

“மெதுவாப் பேசுடி. பிள்ளைங்க இருக்குது.”

“கேக்கட்டுமே. அப்பன் எதை விக்கப்போறான்னு பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா?”

சிப்பியோவுக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்கு வருகிற கோபம், சத்தம் மட்டும் பெரிதாக இருக்கும். “என் ஓட்டுடி அது! பட்டியல்ல என் பேருதான் இருக்கு, உன் பேரா இருக்கு?”

“ஓஹோ. உன் ஓட்டாயிடுச்சா?” பைனா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “காலையில ஜெபவீட்டுல நாம ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னோமே, அது யாரு ஓட்டு? நீ தூக்கிட்டுப் போற ஆளுய்யா. கழுதை முதுகுல உப்பு மூட்டை ஏத்தினா உப்பு கழுதைக்குச் சொந்தமாயிடுமா?”

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். சத்தம் எல்லாம் வடிந்துபோயிற்று.

“வீடு போயிடும் பைனா. நாலு ஏக்கர் போயிடும். மடையும் போயிடும். புதன்கிழமை காலையில வெளிய தூக்கிப் போட்டுடுவேன்னுட்டாரு. மூணு பிள்ளைங்களை வச்சிக்கிட்டு இந்தக் குளிர்ல எங்க போவோம், சொல்லு.”

பைனாவுக்கு ஒன்பது வயதில் லாங்ஃபர்ட் துரையின் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணச் சீராக ஆறு வெள்ளித் தட்டு, ஒரு பியானோ, ஒரு பைனா என்று பெரிய துரை கொடுத்தனுப்பினார். ஜார்ஜியாவுக்கு. அவளுடைய அம்மா வண்டிக்குப் பின்னால் ஆற்று வளைவுவரைக்கும் ஓடிவந்தாள். உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து விடுதலை வந்ததும் பைனா பத்தொன்பது நாள் நடந்து திரும்பி வந்தாள். அம்மா செத்துப்போய் நாலு வருஷமாகியிருந்தது. இதெல்லாம் சிப்பியோவுக்குத் தெரியும். தெரிந்தவனிடம் திரும்பச் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. அன்று சொன்னாள்.

“என்னை அந்த வீட்டுலேருந்து தூக்கிக் குடுத்தப்போ எங்கம்மாவால ஓடத்தான் முடிஞ்சுது. அவகிட்ட வேற என்ன இருந்துச்சு? என்கிட்ட இந்த ஓட்டு இருக்கு. அதைக் கொண்டுபோய் என்னைத் தூக்கிக் குடுத்தவங்களுக்கே போடப்போறேங்கிற.”

சிப்பியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பைனா சீட்டை முன்பு இருந்த மாதிரியே மடித்து, தொப்பிக்குள் செருகி, தொப்பியை ஆணியில் மாட்டினாள். கிழித்துப் போட்டிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

*

திங்கட்கிழமை அவள் அவனோடு பேசவில்லை. கஞ்சியை வைத்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாலு ஏக்கருக்குப் போய்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்ட ஆரம்பித்தாள். சிறு கிழங்கு, பெரிய கிழங்கு என்று பார்க்காமல் வரிசை வரிசையாகத் தோண்டிக்கொண்டே போனாள். சிப்பியோ தூரத்திலிருந்து பார்த்தான். பரவாயில்லை, கோபத்தை மண்ணில் காட்டுகிறாள், நாளைக்குள் ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டான். ஓதத்தைக் கணிக்கத் தெரிந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியைக் கணிக்கத் தெரியவில்லை.

அவன் வேலை வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளிக் கீழ்மடையில். பத்து மணி வாக்கில் கரைமேல் குதிரைகள் வந்தன. செஞ்சட்டைக்காரர்கள், ஒரு ஏழெட்டுப் பேர். எஜமானர் கட்சியின் துப்பாக்கிப் படை. அந்த இலையுதிர்காலம் முழுக்க மாகாணமெங்கும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் ஆட்களுக்குப் பயம் காட்டுவதே தொழிலாகத் திரிந்தார்கள். மேட்டுப் பக்கத்து ஊர்களில் ஆட்களைக் கொன்றும் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பத்துக்கு ஒன்பது பேர் எங்கள் ஆட்கள் என்பதால் இங்கே வாயோடு நின்றது.

“என்னடா மடைக்காரா,” என்றான் ஒருவன், துப்பாக்கியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, “நாளைக்கு எந்தப் பக்கம் திறக்கப்போறே?”

“துரை சொல்ற பக்கம்தானுங்க.”

அவர்கள் சிரித்தார்கள். சிப்பியோவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். குதிரைகள் போன பிறகும் அந்தச் சிரிப்பு அவன் முகத்தைவிட்டுப் போகவில்லை. அதை உணர்ந்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினான்.

சாயங்காலம் கட்ஜோ வந்தான். கரையில் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

“ஏ மச்சான். நாற்காலியில உட்கார்ந்தியாமே.”

“ஊருக்கே தெரிஞ்சுபோச்சா?”

“ஊருக்கு நேத்தே தெரியும். எனக்கு இன்னைக்குத்தான் சொன்னாங்க. எப்படி இருந்துச்சு நாற்காலி? மெத்துன்னு இருந்துச்சா?”

“போடா.” சிப்பியோ ஒரு கல்லைத் தண்ணீரில் எறிந்தான். “உனக்குப் பயமா இல்லியாடா?”

“பயம்தான். ஆனா செஞ்சட்டைக்காரன் ஒரே தடவைதான் சுடுவான். ஹேகர் தினமும் சுடுவா.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். “நானும் அதே துரை நிலத்துலதான் மச்சான் இருக்கேன். என்னையும்தான் வெளிய போடுவேங்கறாரு. நீ கழுகைப் போட்டா நானும் போட்டுடுவேன். நீ சிவப்பைப் போட்டா, நான் எப்படி ஒத்தையா நிப்பேன்? அதுக்குத்தானே உனக்கு நாற்காலி போட்டிருக்காரு.”

அவன் போன பிறகு சிப்பியோ வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தின அப்பன் என்று பேர் எடுப்பதா, ஊரைக் காட்டிக் கொடுத்தவன் என்று பேர் எடுப்பதா? இரண்டுமே சகிக்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே பெரிய ஓதம் என்பதால் சிப்பியோ இருட்டிலேயே வேலைக்குப் போயிருந்தான். கீழ்மடையை அடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொள்வதற்காக ஒன்பதரை மணிக்கு வீட்டுக்கு வந்தான்.

தூரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. கிட்டே வந்தபோது வீட்டுக்குக் கதவு இல்லை.

உள்ளே போனான். கட்டிலைக் காணோம். பானை, மேஜை, பிள்ளைகளின் கம்பளி, சோளமாவுப் பீப்பாய், கோழிக்கூடை, எதுவும் இல்லை. அவனுடைய கோட்டும் தொப்பியும் மட்டும் ஆணியில் தொங்கின. அடுப்புச் சாம்பலைக்கூடக் கூட்டி அள்ளியிருந்தாள். அவன் தன் கையால் அறுத்த பலகையில் செய்த கதவையும் கீலோடு கழற்றிக்கொண்டு போயிருந்தாள்.

போய்விட்டாள் என்று நினைத்தான். ஜெபவீட்டு விதியை அவன் ஓட்டுப் போடுவதற்கு முன்னாலேயே நிறைவேற்றிவிட்டாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதான். வீடு போய்விடக் கூடாதே என்று மூன்று நாளாக மென்று விழுங்கினவனுக்கு, வீடு என்று தான் நினைத்தது இந்தப் பலகைகளை அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

சொன்னபடி பத்து மணிக்குத் துரையின் குதிரைவண்டி வந்து நின்றது.

“என்னடா இது, கதவைக் காணோம்?”

“தெரியலீங்க துரை.”

துரை எட்டி உள்ளே பார்த்தார். “பொண்டாட்டி ஓடிட்டாளா?” அவர் சிரித்த சிரிப்பில் கெட்ட எண்ணம்கூட இல்லை, ஒரு மாடு வேலி தாண்டினதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “விடுடா, நல்லதாப் போச்சு. வாயாடி. வேற ஒருத்தியைப் பார்த்துக்கலாம். ஏறு.”

சிப்பியோ கோட்டை மாட்டினான், தொப்பியைப் போட்டான். வண்டியில் துரைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. துரை கட்டை விரலால் பின்பலகையைக் காட்டினார். அவன் பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

*

ஓட்டுப் போடுகிற இடம் நாற்சந்தியில் இருந்த பழைய தானியக் கிடங்கு. நானூறு பேராவது இருப்பார்கள். கிடங்கின் படியில் நீலக் கோட்டுச் சிப்பாய்கள் இரண்டு பேர், ஓட்டைக் காக்க மத்திய சர்க்கார் அனுப்பினவர்கள், கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் செஞ்சட்டைக்காரர்கள் குதிரைமேல். ஆம்பிளைகள் வரிசையில் நிற்க, சுற்றிலும் பெண்கள் மண்வெட்டியும் கோடரியுமாக நின்றார்கள். இதெல்லாம் எதற்கு என்று ஒரு சிப்பாய் கேட்டதற்கு, வழியில் விறகு கிடைத்தால் வெட்டிக்கொண்டு போகத்தான் என்று ஹேகர் சொல்லியிருந்தாள். வழியில் அவ்வளவு விறகு கிடையாது.

துரையின் வண்டி சந்திக்கு நூறு அடி முன்னால் நின்றுவிட்டது. சாலை நடுவே ஒரு கட்டில் கிடந்தது.

சிப்பியோ செய்த கட்டில். பைன் மரச்சட்டம், கயிற்றுப் பின்னல். அதன்மேல் இரண்டு பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டு கிழங்கு தின்றார்கள். கடைக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மரத்தில் வீட்டுக் கதவு சாத்தி வைத்திருந்தது. மூன்று செங்கல்மேல் பானை கொதித்தது. கிழங்கு மூட்டைகள், கோழிக்கூடை, மாவுப் பீப்பாய் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. நடுவில் முக்காலி போட்டு, வெளுத்த தலைத்துணி கட்டிக்கொண்டு, பைனா உட்கார்ந்திருந்தாள்.

“ஏ பைனா!” துரை கத்தினார். “என்ன கூத்து இது? வழியை விடு.”

“சர்க்கார் ரோடுங்க துரை,” என்றாள் பைனா, உட்கார்ந்தபடியே. “உங்க நிலம் அதோ அந்த வேலியோட முடிஞ்சுபோச்சு. அவசரம்னா சுத்திப் போங்க.”

இரண்டு பக்கமும் இடுப்பளவு சேற்றுக் கால்வாய். சுற்றிப் போவதற்கு வழி ஏது? வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சிப்பியோ பின்பலகையிலிருந்து குதித்தான். அவளிடம் போனான். பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தான், கதவைத் தொட்டுப் பார்த்தான்.

“போயிட்டேன்னு நினைச்சேன்டி.”

“எங்க போவேன்? பத்தொன்பது நாள் நடந்து வந்தவ, திரும்பவும் நடக்கவா?” பைனா எழுந்தாள். அவள் குரல் உயரவில்லை, ஆனால் அந்தச் சந்தி முழுக்க அமைதியாகிவிட்டதால் எல்லாருக்கும் கேட்டது. “வீடு போயிடும்னுதானே பயந்தே? இந்தா, வீடு போயிடுச்சு. அவரு தூக்கிப் போடறதுக்கு முந்தி நானே தூக்கிட்டு வந்துட்டேன். நாலு ஏக்கர்லயும் ஒரு கிழங்கு பாக்கி இல்லை. ஜெபவீட்டு மூலையில படுத்துக்கலாம்னு ஹேகர் அக்கா சொல்லிட்டா. மேலே பொழைப்புக்கு என்ன வழின்னு எனக்கும் தெரியாது. இப்ப சொல்லு. இன்னும் எதுக்குய்யா பயப்படணும்?”

சிப்பியோ தேடிப் பார்த்தான். மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரத்தைத் தேடினான். பயம் இருந்தது. செஞ்சட்டைக்காரன் கையில் துப்பாக்கி இருக்கும்போது பயம் எங்கே போகும்? ஆனால் துரை பிடித்து இழுக்கிற கயிறு அறுந்துபோயிருந்தது.

“சிப்பியோ!” வண்டியிலிருந்து துரையின் குரல். “யோசிச்சுப் பண்ணுடா. புதன்கிழமை காலையில—”

“புதன்கிழமை காலையில எதை வெளிய போடுவீங்க துரை?” என்றான் சிப்பியோ. “கதவுகூட இல்லையே.”

இப்போது சிரிப்பு நானூறு பேரிடமிருந்தும் வந்தது. அவன் வண்டிக்குப் போய், தொப்பியைக் கழற்றி, சிவப்புக் கோட்டுச் சீட்டை எடுத்துத் துரையின் முழங்கால்மேல் மரியாதையாக வைத்தான்.

“மூணு நாளாத் தலையில சுமந்தேனுங்க. கழுத்து வலிக்குது. நீங்களே வச்சுக்குங்க.”

ஹேகர் கழுகுச் சீட்டு ஒன்றை அவன் கையில் திணித்தாள். அதை அவன் மடிக்கவில்லை. தலைக்குமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தான். பைனா அவன் பக்கத்திலேயே நடந்தாள். கிடங்குப் படிக்கு முன்னால் ஒரு செஞ்சட்டைக்காரன் குதிரையைக் குறுக்கே விட்டான். குதிரையின் மார்பு சிப்பியோவின் மூக்குக்கு ஒரு முழம். சிப்பியோ நின்றான், சீட்டை இறக்கவில்லை. பெண்கள் ஒன்றும் பேசாமல் நெருங்கி வந்து அந்தக் குதிரையைச் சுற்றி நின்றார்கள். கோடரியை யாரும் ஓங்கவில்லை, தோளிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நீலக்கோட்டுச் சிப்பாய்க்குக் கொட்டாவி நின்றுவிட்டது. குதிரை தானாகவே இரண்டு அடி பின்னால் போயிற்று. அதற்காவது புத்தி இருந்தது.

“பொம்பளை உள்ளே வரக்கூடாது,” என்றான் பெட்டிக்குப் பின்னால் இருந்த அதிகாரி.

“வரலைங்க,” என்றாள் பைனா, நிலைப்படியில் கால்விரல் இடிக்க நின்றுகொண்டு. “பார்த்துட்டு மட்டும் இருக்கேன்.”

“பேரு?”

“சிப்பியோ கில்யார்ட். மடைக்காரன்.” ஒரு நொடி நிறுத்தினான். “இன்னைக்குக் காலை வரைக்கும்.”

அதிகாரி பட்டியலில் கோடு போட்டான். சிப்பியோ திரும்பிப் பைனாவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். சீட்டு பெட்டிக்குள் விழுந்தது.

அடுத்தது கட்ஜோ. அவன் படியேறுவதைப் பார்த்த துரை வண்டியில் எழுந்து நின்றுகொண்டு, கட்ஜோ, உனக்கும் அதே புதன்கிழமைதான், உன் வரிசையில் இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் அதே புதன்கிழமைதான் என்று தொண்டை கிழியக் கத்தினார். ஹேகர் அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மண்வெட்டியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள்.

“ஏய்யா, நீ போய் ஓட்டைப் போடு,” என்றாள் புருஷனிடம். “நான் போய்க் கட்டிலைத் தூக்கிட்டு வர்றேன்.”

அவளோடு நாலு பெண்கள் போனார்கள். அரை மணியில் ஹேகரின் கட்டில் வந்தது, அதன்மேல் அடுப்புச் சட்டியும் ஒரு பூனையும். பிறகு வேறொரு கட்டில், பிறகு ஒரு தொட்டிலும் ஒரு பன்றிக்குட்டியும். துரையின் நிலத்திலிருந்து மத்தியானத்துக்குள் பதினேழு வீடுகள் சாலைக்கு வந்துவிட்டன. துரையின் களத்தில் அந்த வருஷத்து நெல் முழுக்க அடிக்காமல் போராகக் கிடந்தது. அதை அடிக்க வேண்டிய கைகள் எல்லாம் இங்கே கட்டில் சுமந்துகொண்டிருந்தன. துரைக்குக் கணக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்தபோது முகம் வெளிறிப்போயிற்று.

அந்தத் தேர்தல் மாகாணத்தில் எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள். வேறு ஊர்களில் கள்ளச் சீட்டால் பெட்டிகளை நிரப்பினார்கள், ஆட்களைச் சுட்டார்கள், கடைசியில் சிப்பாய்களையும் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆட்சி எஜமானர்களிடமே போயிற்று. அதற்காக எங்கள் ஜனங்கள் பிறகு ரொம்ப வருஷம் அழ வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சந்தியின் பெட்டியில் சிவப்புக் கோட்டுச் சீட்டு ஒன்பதுதான் விழுந்தது, ஒன்பதும் வெள்ளைக்காரர்கள் போட்டது.

இரண்டு மணிக்குத் துரை வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார். வண்டியைத் திருப்ப முடியவில்லை. முன்னால் கட்டில்கள், பின்னாலும் கட்டில்கள், இரண்டு பக்கமும் சேறு. வழி விடச் சொன்னார். சர்க்கார் ரோடுங்க துரை என்று பதினேழு இடத்திலிருந்து பதில் வந்தது. சிப்பாய்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவன் பைனா கொடுத்த அவித்த கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் துரை வண்டியிலிருந்து இறங்கினார். பூட்ஸ் சேற்றில் புதைந்தது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒருக்களித்துக்கொண்டு, கோட்டு எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

“பார்த்துப் போங்க துரை,” என்றாள் பைனா. “பிள்ளை தூங்குது.”

அவர் கொஞ்சம் மெதுவாகக் கால் வைத்தார். அப்படியே வீடுவரைக்கும் இரண்டு மைல் நடந்தே போனார்.